மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஏலம் போன பை

பஸ்ஸை விட்டு நடக்கத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. அமரவிளையில் ஏறிய பஸ் அது. வழியில் ஒரு ரப்பர் மரம் வேரோடு சாய்ந்து சாலையின் குறுக்கே கிடந்தது. கண்டக்டர் மலையாளத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: தீயணைப்புக்காரர்கள் வேறு இடத்தில் வேறு மரத்தை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவசரம் இருப்பவர்கள் இறங்கி நடக்கலாம். அவசரம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை இந்த மழையில் எதற்காக வெளியே வந்தீர்கள்?

எனக்கு அவசரம் இருந்தது. கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. அதில் இரண்டு சீப்பு ஏத்தம்பழம், ஒரு குப்பி தேன், அடியில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரே ஒரு தாள். அந்தத் தாள் மாலை ஆறு மணிக்குள் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும்.

தாள் ஜஸ்டினுடையது. ஜஸ்டினும் நானும் நெய்யாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வேலை செய்தோம். அவன் சமையல். என் வேலை படகைக் கட்டுவதும் அவிழ்ப்பதும், விருந்தாளிகளைக் கைபிடித்து ஏற்றி இறக்குவதும். மழை பிடித்தால் படகு ஓடாது. அப்போது அவர்கள் சலித்துப்போகாமல் பார்த்துக்கொள்வதும் என் தலையில்தான் விழும். கேரம் பலகையை எடுத்து வைப்பேன். ஜஸ்டின் பழம்பொரி சுடுவதை அடுக்களை வாசலில் நாற்காலி போட்டுப் பார்க்க வைப்பேன். சனிக்கிழமை ஒரு வெள்ளைக்கார அம்மா, "இந்த ஊருக்கு வந்தவர்கள் மழை நாளில் வேறு என்ன செய்வார்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். ஞாயிறு காலையில் மேனேஜர், இன்னும் ஒரு வாரத்துக்குப் படகு கிடையாது, நீயும் வேண்டாம் என்றார். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. படகு ஓடாத இடத்தில் படகு கட்டுகிறவன் எதற்கு?

நான் துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஜஸ்டின் இந்தப் பையோடு வந்தான். அவன் மனைவி லில்லிக்குத் திங்கட்கிழமை காலையில் ஆபரேஷன். கர்ப்பப்பையை எடுக்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போனது. ரத்தம் ஏற்றி ஏற்றி அவளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான்கு வருடத்துக்கு முன் வேறு ஊரில் வேறு ஆபரேஷன் நடந்தபோது ஏதோ ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் அவள் உயிர் போய்த் திரும்பியது. என்ன மருந்து என்பது அன்றைய டிஸ்சார்ஜ் தாளில் மட்டும் இருக்கிறது. ரேஷன் கார்டு நகல்களோடு அது ஜஸ்டினின் பெட்டியில் கிடந்தது. போனில் படம் பிடித்து அனுப்பிப் பார்த்தான். கார்பன் வைத்து எழுதியது, மங்கிவிட்டது, படத்தில் ஒன்றும் தெரியவில்லை. அசலைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். மயக்க மருந்து டாக்டர் ஆறு மணிக்கு வார்டுக்கு வருவார். அதற்குள் தாள் வராவிட்டால் மறுபடியும் தேதி தள்ளும்.

"எனக்க பதில் ஆளு நாளைக்கு விடியக்காலந்தான் வரும் அண்ணா. கெஸ்டுகளுக்குச் சோறு பொங்க வேற ஆரும் இல்ல," என்றான் ஜஸ்டின். "நீங்க போற வழியாக்கும். ஆறுக்கு முந்தி அவளுக்க கையில குடுத்தா போதும்."

போற வழி என்று எனக்கு ஒன்று இருந்ததில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து செங்கல் சூளை, லாரி, மீன் ஐஸ் கம்பெனி, டைல்ஸ் தூக்குவது என்று போய்க்கொண்டே இருப்பவன். சரி என்றேன்.

நான் கமுதிப் பக்கத்துக்காரன். மொழி மாறுகிற இடமெல்லாம் எனக்கு வெளிநாடுதான். ஆனால் இந்த எல்லைக் கிராமங்களில் மொழி எங்கே மாறுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரே ஆள் மனைவியைத் தமிழில் திட்டிவிட்டு மாட்டை மலையாளத்தில் கொஞ்சுவான். மழையும் வேறு. எங்கள் ஊரில் மழை வந்தால் எல்லோரும் வேலையை விட்டு வெளியே வந்து நின்று பார்ப்போம். இங்கே யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

மணி பன்னிரண்டரைக்கு ஒரு சாயாக் கடையில் ஏறினேன். மழை நாளில் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவன் முதலில் செய்யவேண்டியது அதுதான். மரச்சீனிக் கிழங்கு வேகவைத்து, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியோடு, அதாவது துவையலோடு, தட்டில் வந்தது. சூடும் காரமும் சேர்ந்து காதுவரை ஏறின. நான் வாயைத் திறந்துகொண்டு ஊதுவதைப் பார்த்து எதிரில் இருந்த ஆள் சிரித்தார். கிழக்கிலிருந்து வரும் தமிழர்கள் இந்தப் பக்கத்துக்குப் பாண்டிக்காரர்கள்.

"பாண்டிக்காரராக்கும். மழையும் கண்டதில்ல, காந்தாரியும் கண்டதில்ல."

"நீரு சும்மா இரும்," என்றார் கடைக்காரர். "போன வருசம் மதுரைக்குப் போயிட்டு வெயிலத் தாங்காம பஸ் ஸ்டாண்டுல விழுந்து கெடந்தது ஆரு? நானா?"

கடை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ஒரு கை மடியிலிருந்த பையை விட்டு நகரவில்லை. கவரின் வாய் சரியாக மூடியிருக்கிறதா என்று அதற்குள் நான்கு முறை பார்த்துவிட்டேன். இன்னும் ஐந்து கிலோமீட்டர் என்றார்கள். நடந்தாலும் மூன்று மணிக்குப் போய்விடலாம். அந்தக் கணக்கு என்னைக் கொஞ்சம் தைரியப்படுத்தியது. அதுதான் தப்பாகப் போயிற்று.

ஒரு மணிக்கு மேல் மழை காற்றோடு சேர்ந்து படுக்கையாக அடித்தது. குடைக் கம்பி இரண்டு உடைந்தது. சாலையோரம் ஒரு சர்ச் தெரிந்தது. முன்னால் பந்தல், ஒலிபெருக்கி, பக்கவாட்டில் புகை. அறுப்புப் பண்டிகை. இந்தப் பக்கத்துப் பழைய சபைகளில் வருடத்துக்கு ஒரு நாள் அவரவர் விளைச்சலிலிருந்து ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் போடுவார்கள். அன்று ஊர் முழுவதற்கும் சோறும் உண்டு. நான் பந்தலுக்குள் ஓடி நுழைந்த அதே நேரத்தில் பந்தலின் ஒரு கால் சாய்ந்தது.

"எலே, பாத்துட்டு நிக்காத! சேனையப் பிடி!" என்று ஒருவர் என்னைப் பார்த்துக் கத்தினார். கையில் மைக், முட்டிவரை மடித்த வேட்டி. அவர் பெயர் வில்சன், சபைக் கமிட்டிக்காரர், அன்றைக்கு ஏலம் விடுகிறவரும் அவரே என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

எல்லோரும் ஓடினார்கள். வாழைக்குலை, சேனைக் கிழங்கு, தேங்காய், கால் கட்டிய கோழிகள் எல்லாவற்றையும் சர்ச்சுக்குள் தூக்கிப்போய்ச் சுவர் ஓரமாகக் குவித்தோம். ஒரு சேனைக்கு இரண்டு கையும் வேண்டும். பையின் வாயை முடிச்சுப் போட்டுக் குவியலின் ஓரத்தில், நனையாத இடமாகப் பார்த்து வைத்தேன். இரண்டு நிமிடம் என்று நினைத்தேன்.

அதற்குள் சமையல் பக்கத்தில் கூச்சல். அண்டாக்களுக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு பறக்கப் பார்த்தது. கீழே ஊருக்கெல்லாம் வெந்துகொண்டிருக்கும் சோறு. கயிற்றின் ஒரு முனையை யாரோ என் கையில் கொடுத்து, "விடாதியும்!" என்றார். நான் விடவில்லை. முக்கால் மணி நேரம் தென்னை மரத்தில் காலை ஊன்றிக்கொண்டு அந்தக் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி நின்றேன்.

உள்ளே ஏலம் தொடங்கிவிட்டது. ஒலிபெருக்கியில் வில்சனின் குரல் கேட்டது. அவர் ஏலம் விடுவது ஒரு தனிக் கலகலப்பு.

"இந்தச் சேவல் தெனமும் காலம்பர நாலு மணிக்கு எழும்பும். பொண்டாட்டி எழும்பாத வீட்டுக்காரங்க கேளுங்க!"

ஒரு வழக்கத்தை அங்கேதான் கவனித்தேன். ஏலத்தில் எடுத்தவர் எல்லோரும் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. பாதிப் பேர் அங்கேயே திரும்பக் காணிக்கை வைத்துவிடுகிறார்கள். அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே தேங்காய் நான்கு பேரிடம் விலைபோனது. இன்னொன்று, கட்டிக் கொண்டுவந்த பொதியை யாரும் அவிழ்த்துப் பார்க்கமாட்டார்கள். காணிக்கையைக் குடைந்து பார்ப்பது மரியாதை இல்லையாம். கட்டியபடியே விலை கேட்பார்கள்.

"அடுத்தது ஒரு மஞ்சப் பொதி!" என்றார் வில்சன். "உள்ள என்ன உண்டுண்ணு கர்த்தருக்கும் கொண்டுவந்தவருக்கும் மட்டும்தான் தெரியும். கனமும் உண்டு, மணமும் உண்டு. பாம்பு இல்ல, அதுக்கு நான் பொறுப்பு!"

கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த நாங்கள் நான்கு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். மஞ்சள் பொதி மூன்று முறை விலைபோனது. மூன்று முறையும் நான் சிரித்தேன்.

காற்று தணிந்து, கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு, கை உதறிக்கொண்டே உள்ளே வந்தேன். குவியல் இருந்த இடத்தில் இரண்டு வாழைக்குலையும் ஒரு பூசணியும் மட்டும் இருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று முறை விலைபோன மஞ்சள் பொதி என் பைதான்.

வில்சனிடம் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது.

"தெய்வமே. அது உமக்க பையா?"

"அடியில் ஆஸ்பத்திரித் தாள் இருக்கு. ஆறு மணிக்குள்ள வேணும்."

அவர் மைக்கை எடுத்தார். அதுவரை இருந்த கேலி குரலில் இல்லை. முதலில் எடுத்தவர் எழுந்து, நான் திரும்ப வைத்துவிட்டேன் என்றார். அடுத்து எடுத்த டீச்சரும் துபாயிலிருக்கும் மகன் பெயரில் எடுத்துத் திரும்ப வைத்ததாகச் சொன்னார். மூன்றாவது, சபையைச் சேராத ஒருத்தி. ஓமனா. கோழி எடுக்க வந்தவள், பொதியையும் எடுத்துக்கொண்டு அப்போதே போய்விட்டாள். போன் அடித்தார்கள். எடுக்கவில்லை.

"மழையில போனை வீட்டுல வச்சிட்டாக்கும் வருவா," என்றார் டீச்சர். "வீடு ஆற்றங்கரைத் தோட்டத்துல. வழியில ஓடையில தண்ணி ஏறுததுக்கு முந்திப் போனாத்தான் உண்டு."

மணி மூன்றே கால்.

வில்சன் ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்து அவர் தலைக்குக் குடை பிடித்தேன். "கண்ணுக்கு முன்னால கொண்டுவராதியும், எனக்கு வழி தெரியாண்டாமா?" என்று அவர் கத்தினார். பின்னால் இழுத்தால் தண்ணீர் அவர் கண்ணாடியில் அடித்தது. பாதி வழியில் சாலை பள்ளமிறங்கும் இடத்தில் முழங்கால் தண்ணீர். ஸ்கூட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அதை ஒரு வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு நடந்தோம்.

வழியெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் கண்ணில் நின்றது. பொதியை அவிழ்த்திருப்பாள். பழத்தை எடுத்திருப்பாள், தேனை எடுத்திருப்பாள். கவரைப் பார்த்திருப்பாள். அடுத்தவன் வீட்டு மங்கிப்போன தாளை யார் வைத்துக்கொள்வார்கள்? நனைந்த விறகைப் பற்றவைக்கக் கடுதாசி தேடுகிற நேரம் வேறு. ஜஸ்டினுக்கு என்ன சொல்வேன் என்று யோசித்தேன். யாருக்கும் சொல்லாமல் இப்படியே களியக்காவிளை போய்க் கிழக்கே போகும் பஸ்ஸைப் பிடித்துவிடலாமா என்றும் யோசித்தேன். அதைச் சொல்லாவிட்டால் பொய் எழுதியவன் ஆவேன்.

"நீரு பேசாம வராதியும்," என்றார் வில்சன். "எனக்குப் பேடியா, பயமா இருக்கு. நான்தானே வித்தேன்."

"வைத்தது நான்தானே?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் கெடுத்தோம். நடையும்."

ஓமனாவின் வீடு ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. வாசலில் கோழி ஒன்று கட்டு அவிழ்க்கப்படாமல் கிடந்தது. பக்கத்தில் மஞ்சள் பை, வெறுமையாக, தாழ்வாரக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. வில்சன் கூப்பிட்டார். உள்ளேயிருந்து நாற்பது வயதுப் பெண் வந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது உங்கட பொதியா சேட்டா? அய்யோ, நான் பேடிச்சுப் போனேன்," என்றாள். "பழம் வைக்கும், தேன் வைக்கும். ஆஸ்பத்திரிக் கடுதாசை ஆரெங்கிலும் காணிக்கை வைப்பாவளா?"

"அந்தத் தாள் எங்கே?"

"பின்ன யோசிச்சேன். ஆரோ சுகமில்லாதவங்க நேர்ச்சையா வச்சிருக்கும், தெய்வமே இதை நீ பாருண்ணு. அப்ப அதைக் கீறிப் போட்டா எனக்குப் பாவம் கிட்டாதா? கோழிக்க கால் கொண்டு கவர் கிழிஞ்சு நனைஞ்சு இருந்தது. வாங்க, காட்டித் தாறேன்."

வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய புகைக் கொட்டில். ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக்கி உலர்த்தும் இடம். உள்ளே கழிகளில் ரப்பர் ஷீட்டுகள் துணி காயப்போட்டதுபோல வரிசையாகத் தொங்கின. கண்ணெரியும் புகை. மூன்றாவது கழியில், இரண்டு ஷீட்டுகளுக்கு நடுவே, துணிக் கிளிப் மாட்டி, லில்லியின் தாள் தொங்கிக்கொண்டிருந்தது.

எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். ஓரங்கள் பழுத்த இலை நிறத்துக்கு வந்திருந்தன. ஒரு மூலையில் எழுத்து கலைந்திருந்தது. அது விலாசம். நடுவில், கோடு போட்ட இடத்தில், ஆங்கிலத்தில் ஒரு மருந்தின் பெயர். எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. வில்சன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எழுத்துக்கூட்டி இரண்டு முறை வாசித்தார். வாசிக்க முடிந்தது, அது போதும். அவர் அங்கேயே அந்தப் பெயரைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, என் கையிலும் எழுதினார்.

"இனி தாள் போனாலும் கை போகாது," என்றார்.

ஓமனா தாளை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கைக்குட்டையில் சுற்றி, என் சட்டைக்குள் வைக்கச் சொன்னாள். பையைத் திருப்பித் தந்தாள்; காசு கொடுத்து ஏலத்தில் எடுத்தது, வாங்கமாட்டேன் என்றேன். பழத்தில் ஒரு சீப்பை மட்டும் பிடிவாதமாகக் கொடுத்தாள். வில்சன் ஸ்கூட்டரைப் பார்க்கத் திரும்பி நடந்தார்; என்னைக் கொண்டுவிட அவள் கணவர் ரப்பர் ஷீட் ஏற்றும் பிக்கப் வண்டியை எடுத்தார். நேர் வழியில் தண்ணீர் ஏறியிருந்ததால் குன்னத்துகால் சுற்றித்தான் போக வேண்டும்.  ஒரு இடத்தில் அவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஓடைப் பாலத்தில் தண்ணீர் எவ்வளவு என்று கழியை விட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து ஓட்டினார். நான் இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

வார்டில் நுழைந்தபோது ஆறாக எட்டு நிமிடம். லில்லி கட்டிலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண், உதடு வெளுத்திருந்தது. பக்கத்து வீட்டு ராஜம் அக்கா துணைக்கு இருந்தார். நான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் மயக்க மருந்து டாக்டர் வந்துவிட்டார். சின்ன வயதுப் பெண். தாளை வாங்கியவுடன் மூக்கைச் சுருக்கினார்.

"இது எங்க இருந்து? கருவாட்டுக் கடையா?"

"ரப்பர் புகை, டாக்டர்."

 அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லில்லியின் கேஸ் தாளை எடுத்து, மேலே சிவப்பு மையில் அந்த மருந்தின் பெயரைப் பெரிதாக எழுதி, இரண்டு கோடு இழுத்தார். "இது தெரியாம நாங்க தொட்டிருக்க மாட்டோம். நாளைக்கு எட்டு மணிக்கு எடுப்போம்," என்றார். நான் என் உள்ளங்கையைப் பார்த்தேன். மழையில் பாதி அழிந்திருந்தது.

அன்று வராந்தாவில் படுத்துக்கொண்டேன். காலையில் கிளம்பிவிடுவதாக இருந்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஜஸ்டின் போன் செய்தான். பதில் ஆள் வந்துவிட்டான், ஆனால் ஆற்றோரச் சாலை முழுவதும் வெள்ளம், போலீஸ் யாரையும் விடவில்லை. அவன் அழுகிறானா, மழைச் சத்தமா என்று பிரிக்க முடியவில்லை. ஏழு மணிக்கு ராஜம் அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தார்.

"எனக்கு அண்டி ஆபீசுக்குப் போகணும் தம்பி," என்றார். முந்திரி உடைக்கும் கம்பெனியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். "லீவு எடுத்து எடுத்து இனி போகாட்டா பேரை வெட்டிருவாவ. தியேட்டருக்கு வெளிய ஆளு வேணும். மருந்துச் சீட்டு தருவாவ, ரத்தம் கேப்பாவ. ஆளு இல்லண்ணா கூப்பிட்டுட்டே நிப்பாவ."

சக்கரக் கட்டிலில் லில்லியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பச்சைத் துணிக்குள் அவள் இன்னும் சிறியதாகத் தெரிந்தாள்.

"அண்ணா, நீங்க போவியளா?" என்றாள்.

இல்லை என்றேன்.

தியேட்டர் வாசலில் நர்ஸ் ஒரு நோட்டை நீட்டினார். நோயாளியின் ஆள் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். எத்தனையோ இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தது இதுதான் முதல் தடவை.

"அந்தச் செயரு உங்களுக்குள்ளது," என்றார் நர்ஸ். "எழும்பிப் போகப்பிடாது. சாயாக்கும் போகப்பிடாது. கூப்பிட்டா அந்த நிமிசம் வரணும்."

உட்கார்ந்தேன். ஒரு முறை கூப்பிட்டு மருந்துச் சீட்டு கொடுத்தார்கள், ஓடி வாங்கிவந்தேன். பிறகு நீண்ட நேரம் கதவு திறக்கவில்லை. வெளியே மழை. பக்கத்து நாற்காலிக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பதினொன்றரைக்குக் கதவு பாதி திறந்து அதே நர்ஸ் தலை நீட்டினார்.

"லில்லிக்க ஆளு?"

எழுந்தேன்.  கையைத் தூக்கினேன்.

"கண்ணு திறந்தாச்சு. பேரு கேட்டா சொல்லுதா. உள்ளதான் இருக்கா, வெளிய எடுக்க நேரமாவும்." அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க இருங்க."

இருந்தேன்.